மரியதாஸ் வளர்த்த புல்

"கோல்ஃப் விளையாடவா வந்திருக்கிறாய்?" என்று கேட்டார் டொராண்டோ விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரி. என் வழுக்கையையும் தொப்பையையும் கயிறு கட்டிய பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "விளையாட இல்லை ஐயா, கோல்ஃபின் வரலாறு எழுத வந்திருக்கிறேன்" என்றேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்த கையோடு முத்திரையும் குத்திவிட்டார்கள், அந்தவரைக்கும் நல்லவர்கள்.

விஷயம் இதுதான். வளைகுடாவில் ஒரு நாட்டில், ஒரு கோல்ஃப் கிளப்பில் நான் ஸ்டோர் கிளார்க். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். கிளப் தன் இரண்டாவது புல் மைதானத்தைத் திறக்கப்போகிறது. திறப்பு விழாவன்று, அந்த நாட்டில் கோல்ஃப் வளர்ந்த கதையை வழவழத் தாளில் ஒரு புத்தகமாகப் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமாம். முதல் புல்லை வளர்த்தவர் என்று ஊரே சொல்லும் பிராடன் துரை ஓய்வு பெற்றுக் கனடாவில் இருக்கிறார். இருதயக்காரர், விமானம் ஏறக்கூடாது. அவர் வாயால் கதையைச் சொல்ல வைத்து டேப்பில் பிடித்து வர ஓர் ஆள் வேண்டும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீதான் பழைய ஆள். டொராண்டோவில் உங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்களாமே, தங்குவதற்குக் கவலையில்லை" என்றார். நான் நாகர்கோவில்காரன். டொராண்டோவில் நிறைய இருப்பவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். மேனேஜருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் அந்த ஒரு தடவை அவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அங்கே எனக்கு உண்மையிலேயே ஓர் ஆள் இருந்தான்.

யோகநாதன் வாசலில் காத்துக்கொண்டு நின்றான். எங்கள் கிளப்பில் என்னோடு பல வருடம் வேலை செய்தவன். தலை பாதி நரைத்திருந்தது, நெற்றியில் அதே மூன்று கோடு விபூதி. "வாங்கோ அண்ணை, களைச்சுப் போனியள்" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். ஏப்ரல் மாதம் வசந்தகாலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி நான் ஒற்றைச் சட்டையில் இறங்கியிருந்தேன். வெளியே காற்று காதைப் பிய்த்தது. அவன் காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதை மறைக்க வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு நிலவறையில் ஆறு பேரோடு இருந்ததும், கலியாணமாகி மோர்னிங்சைட் பக்கம் அபார்ட்மென்ட் எடுத்ததும், பேக்கரித் தொழிற்சாலையில் தட்டுக் கழுவுகிற வேலையில் கை வெந்து போனதும் எனக்குப் பற்கள் தந்தியடிக்க நடுவே நடுவே காதில் விழுந்தன.

அவன் மனைவி புஷ்பா இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் வைத்துவிட்டு, "வெக்கப்படாமல் சாப்பிடுங்கோ அண்ணை" என்று பக்கத்திலேயே நின்றாள். நான் எட்டு இடியப்பம் சாப்பிட்டேன். எட்டும் உள்ளே போன பிறகுதான் யோகன் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணை, இஞ்சை பக்கத்திலை ஒரு கோல்ஃப் கிளப்பிலை ஆள் எடுக்கினம். புல்லுப் பாக்கிற வேலை. முந்திப் புல்லிலை வேலை செய்ததெண்டு ஒரு கடிதம் வேணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ளை கொண்டுவரட்டாம். பிராடன் சேரிட்டை ஒண்டு வாங்கித் தருவியளோ?"

"இத்தனை வருஷம் இதே ஊர்ல இருக்கே. நீயே போய்க் கேட்டிருக்கலாமே?"

"எந்த முகத்தோடை போறது?" என்றான். புஷ்பா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த முகத்தின் கதையைச் சொல்ல, கோல்ஃபின் கதையையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் வரப்போவது வேறு, நான் கண்ணால் பார்த்தது வேறு.

அந்த நாட்டுக்குக் கோல்ஃப் எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்களோடு வந்தது. புல் கிடையாது, வெறும் மணல், சுண்ணாம்புக் கல், வெயில். ஆளுக்கொரு கம்பளத் துண்டைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்கள். பந்து விழுந்த இடத்தில் கம்பளத்தை விரிப்பார்கள், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள், சுருட்டிக்கொண்டு மறுபடி நடப்பார்கள். குழி இருக்கும் இடம் மற்ற ஊர்களில் பச்சையாக இருக்குமாம். இங்கே மணலில் எண்ணெயைக் கலந்து அமுக்கிப் பழுப்பாக்கி வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் இதற்குப் பெயர் பொழுதுபோக்கு. நல்ல வேளை, என்னை யாரும் விளையாடக் கூப்பிடவில்லை.

விளையாடுகிறவர்கள் நடந்தால் பழுப்பில் கால்தடம் விழும். அடுத்த கோஷ்டி வருவதற்குள் ஒருவன் சாக்கு கட்டிய சட்டத்தை இழுத்து அதை அழிக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. விளிம்பிலிருந்து ஆரம்பித்தால் இழுத்தவனின் தடமே நடுவில் மாட்டிக்கொள்ளும். குழியில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஒருத்தனும் வந்து போனதாகவே தெரியக்கூடாது. இதில் யோகனை அடிக்க ஆளில்லை.

ரிஜிஸ்டரில் அவன் பெயர் யோகநாதன் இல்லை, மரியதாஸ். ஊரில் போர். சொந்தப் பெயரில் பாஸ்போர்ட் எடுக்கப் போய், போன இடத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். ஏஜென்சிக்காரன் மரியதாஸ் என்கிற வேறொருவனின் பாஸ்போர்ட்டில் இவன் படத்தை ஒட்டி அனுப்பிவிட்டான். தலை மாற்றுவது என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவன் மரியதாஸ் என்று கையெழுத்துப் போடுவதை மாதாமாதம் நான்தான் பார்த்தேன். கேட்கவில்லை. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. பிராடன் துரைக்கு மரியதாஸும் வாயில் நுழையவில்லை. "மரியோ" ஆக்கிவிட்டார். ஆக இவன் மூன்று பெயரோடு ஒரே சம்பளத்துக்கு வேலை பார்த்தான்.

பிறகு நாட்டுக்குப் புல் ஆசை வந்தது. பாலைவனத்தில் பச்சை மைதானம் போட்டால் உலகமே திரும்பிப் பார்க்கும் என்று யாரோ பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். குழாய் வந்தது, தெளிப்பான் வந்தது, குளிர்ப்பெட்டியில் புல் வந்தது. எங்கள் ஆட்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாற்று நடுவதுபோல் ஒவ்வொரு துண்டாக ஊன்றினார்கள். பிராடன் துரை தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஜூனில் புல் மஞ்சளாயிற்று. ஜூலையில் தரை முழுக்க உப்பு பூத்து வெள்ளையாயிற்று. துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்ததை நான் பார்த்தேன்.

யோகன் ஊரில் வெங்காயமும் புகையிலையும் போட்ட தோட்டக்காரன். அவன் கிணறு உவர்க் கிணறு. "உது தெளிச்சுத் தெளிச்சுத்தான் உப்பு மேலை வருது அண்ணை. பாத்தி நிரம்பக் கட்டி விட்டாத்தான் கீழை இறங்கும்" என்று என்னிடம் சொன்னான். துரையிடம் சொல்லு என்றேன். "நான் ஆர் சொல்ல?" என்றான். ஒரு வெள்ளிக்கிழமை, துரைமார் எல்லாம் கடற்கரைக்குப் போயிருந்த விடுமுறை நாளில், ஒரே ஒரு குழியைச் சுற்றித் தெளிப்பானை மூடிவிட்டு, ஹோஸைப் போட்டுத் தண்ணீர் தேங்கி நின்று இறங்கும்வரை விட்டான். அடுத்த வாரம் முழுக்க ஒரு சொட்டும் விடவில்லை. மறுபடி கட்டினான். ஒரு மாதத்தில் அந்த ஒரு குழி மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. துரை முதலில் கத்தினார். பிறகு குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு மைதானம் முழுக்க அப்படியே செய்யச் சொன்னார். திறப்பு விழாவில் அவருக்குத் தங்கக் கடிகாரம் கட்டினார்கள். யோகனுக்கு எல்லோரையும்போல ஒரு பிரியாணிப் பொட்டலம்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அவன் வேலைக்கு வரவில்லை. கனடாவுக்குப் போய்விட்டான் என்றார்கள். அங்கே சொந்தப் பெயரில் அகதியாகப் பதிந்துகொண்டான்.

புதன்கிழமை பிராடன் துரை வீடு இருக்கும் விட்பிக்குக் கிளம்பினோம். யோகனை வற்புறுத்தி இழுத்துப் போனது நான். அவன் வர மாட்டேன் என்றுதான் சொன்னான். "வெள்ளைக்காரன்கிட்ட நேர்ல உண்மையைச் சொன்னா மதிப்பான், யோகா. நம்ம ஆளுங்க மாதிரி குத்திக் காட்ட மாட்டான்" என்றேன். இந்த அரிய ஞானம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அத்தனை வருடம் வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கார் கிளம்ப மறுத்ததால் ரயிலுக்குப் போனோம். கில்ட்வுட் ஸ்டேஷனில் பேச்சுச் சுவாரசியத்தில் எதிர்த்திசை ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். வெளியே ஏரி இடதுபக்கம் வருகிறதே என்று யோகன் கண்டுபிடிப்பதற்குள் வண்டி நகரத்தின் நடுவுக்கே போய்விட்டது. அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்து, டோனட் கடையில் கழுநீர் மாதிரி ஒரு காப்பியைக் குடித்து, வந்த வழியே திரும்பினோம். முன் இருக்கையில் இரண்டு கனவான்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "என் புல் போன வருடம் பாதி செத்துவிட்டது." "தண்ணீர் அதிகமாக விட்டிருப்பாய்." யோகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விட்பியில் எல்லாம் புது வீடு, எல்லா வீட்டு முன்னாலும் புல். பனி உருகிய ஈரத்தில் தானாக எழுந்து நிற்கிறது. நாங்கள் அங்கே ஒரு சாண் புல்லுக்கு உயிரை விட்டோம். இங்கே வேண்டாம் வேண்டாம் என்று வெட்டி எறிகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு மணி நேரம் தாமதம். பிராடன் துரை கதவைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார், அதே தங்கக் கடிகாரம். திட்டத் தயாராக நிமிர்ந்தவர் என் பின்னால் நின்றவனைப் பார்த்தார். "மரியோ!" என்று கத்திவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பொய்யில்லை, நான் பார்த்தேன். அவர் மனைவி தேநீரும், கடித்தால் மாவாக உதிரும் ஒரு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். சுவரில் முதல் புல் மைதானத்தின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. நடுவில் துரை. ஓரத்தில் மண்வெட்டி பிடித்த ஒரு கை. உடம்பு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

டேப்பை ஓடவிட்டேன். துரை நன்றாகப் பேசினார். கம்பளத் துண்டு, பழுப்பு, முதல் போட்டி, ஒட்டகம் பந்தை விழுங்கிய கதை எல்லாம் வந்தது. பிறகு ஜூலை மாதத்து உப்புக்கு வந்தார். "எல்லோரும் கைவிட்ட நேரம். அப்போதுதான் நான் தீர்மானித்தேன். தெளிப்பானை நிறுத்து, வெள்ளமாக விடு. பைத்தியக்காரன் என்றார்கள். ஞாபகமிருக்கிறதா மரியோ?"

"யெஸ் சார்" என்றான் யோகன்.

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. தட்டில் இருந்த பிஸ்கட்டை முழுசாக வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன்.

டேப்பை நிறுத்தியதும் கடிதத்தைக் கேட்டேன். "மரியோவுக்கு எழுதாமல் யாருக்கு எழுதப்போகிறேன்?" என்று உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். 'எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த புல் பராமரிப்பாளர்' என்று முதல் வரியை எழுதிவிட்டு, முழுப் பெயரின் எழுத்துகளைக் கேட்டார். யோகன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது இந்தத் தலைதான். அவன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தான்.

துரை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இது யார்?"

மரியதாஸ் என்பது பாஸ்போர்ட்டில் மட்டும், உண்மைப் பெயர் இதுதான், வேறு வழியில்லாமல் வந்தேன் என்று யோகன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லச் சொல்லத் துரையின் முகம் சிவந்தது. பேனாவை மூடினார்.

"ஒவ்வொரு வருடமும் உன் விசாவுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். யாருக்குப் போட்டேன்? இத்தனை காலம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். நான் நேர்மையானவன். மரியோவுக்கு எத்தனை கடிதம் வேண்டுமானாலும் தருவேன். இந்த மனிதரை எனக்குத் தெரியாது."

"பெயர்தான் ஐயா வேறு. கை அதே கைதான்" என்றேன்.

"பெயர் சின்ன விஷயமா?" என்று என்னைக் கேட்டார்.

அடப்பாவி, இப்போது டேப்பில் ஏற்றினாயே, அது மட்டும் பொய்யில்லையா என்று கேட்டேன். தமிழில் கேட்டேன். என் வீரம் அவ்வளவுதான். துரை அந்த ஒற்றை வரிக் காகிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் மனைவி மிச்ச பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டி யோகன் கையில் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் நான்தான் பேசினேன். "தப்பு என்மேலதான், யோகா. ஆனா நான் விட மாட்டேன். அந்த டேப்பைக் கேட்டு எழுதப்போறவன் நான். புத்தகத்துல உன் பேரைப் போடறேன். அந்த நாட்டுப் புல்லை வளர்த்தவன் யோகநாதன்னு போடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்."

அவன் பதறிப்போனான். "ஐயோ வேண்டாம் அண்ணை! என்னைக் கவிழ்த்துப் போடாதேங்கோ. என்ர அகதிக் கேஸிலை, அந்த வருசமெல்லாம் நான் ஊரிலை தோட்டம் செய்துகொண்டிருந்தனெண்டுதான் எழுதிக் குடுத்திருக்கு. ஏஜென்சிக்காரன் அப்பிடித்தான் சொல்லச் சொன்னவன். இப்ப சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறன். கடிதமெண்டால் ஒரு கிளப்புக்காரன்தான் பாப்பான். என்ர பேர் உந்தப் புத்தகத்திலை வந்தால் எல்லாம் போச்சு."

"அப்ப மரியதாஸ்னு போடவா?"

"மரியதாஸ் செத்துப் போனவன் அண்ணை. கடலுக்குப் போன இடத்திலை சுட்டுப்போட்டாங்கள். செத்த பெடியன்ர பாஸ்போட்டிலைதான் நான் வந்தனான். அவன்ர பேரிலை எனக்கென்னத்துக்கு அண்ணை பேரும் புகழும்?"

எங்கள் ஸ்டேஷன் வந்தது. பிஸ்கட் பொட்டலத்தை அவன் இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கினான்.

வியாழக்கிழமை வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. அவன் வீட்டு மேசையில் உட்கார்ந்து டேப்பைக் கேட்டு எழுதினேன். 'ஞாபகமிருக்கிறதா மரியோ?' என்று வந்தது, பின்னாலேயே 'யெஸ் சார்' என்று வந்தது. வேலையிலிருந்து வந்த யோகன் கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டான். "என்ர குரலையும் எடுத்துவிடுங்கோ அண்ணை. பிறகு ஆரும் இது ஆரெண்டு கேட்டால்?" மரியோ என்று கேட்டதையும், யெஸ் சார் என்று சொன்னதையும் சேர்த்து அழித்தேன். பொத்தானை அமுக்கிய இரண்டு விநாடியில் வேலை முடிந்துவிட்டது. இதையும் நான்தான் செய்தேன், அவனுக்காகத்தான் செய்தேன். கிளப்பில் என் வேலைக்கும் அது நல்லதாகப் போயிற்று என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

புஷ்பா சமையலறையிலிருந்து, "கடிதம் இல்லாட்டி என்ன, போய்க் கேட்டுப் பாக்கிறதுதானே. பேக்கரியிலை கையை வேக வைக்கிறதைவிட என்னவும் நல்லது" என்றாள். பேச்சில் கோபம் இருந்தது. என்மேலா, அவன்மேலா, மரியதாஸ்மேலா, கேட்க எனக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஆள் எடுக்கும் அந்தக் கிளப்புக்குப் போனோம். அன்றைக்கு அதிசயமாகக் கார் கிளம்பியது. மேற்பார்வைக்காரன் செம்பட்டைத் தலை, முப்பது வயதுகூட இருக்காது, நல்ல மாதிரியான ஆள்தான். கடிதம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றான் யோகன். புல்லில் வேலை செய்திருக்கிறாயா என்று கேட்டான். யோகன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். இல்லை என்றான்.

"அப்படியானால் புல் வேலை தர முடியாது. மணல் பள்ளங்களுக்கு ஓர் ஆள் வேண்டும், கோடை முடியும்வரை. சம்மதமா?"

கோல்ஃப் மைதானத்தில் பந்து விழுந்தால் மாட்டிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே மணல் பள்ளம் வெட்டி வைப்பார்கள். அங்கே மணலில் புல்லைக் கொண்டுவர உயிரை விட்டார்கள், இங்கே புல்லுக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். யோகன் சம்மதம் என்றான்.

செம்பட்டைத் தலையன் அவனைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போய், மணலை வாரிச் சமன் செய்யும் பல்வாரியைப் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். போகிற வழியில் தெளிப்பானைக் காட்டி, புல்லுக்குத் தண்ணீர் விடுவது எப்படி என்றும் இரண்டு நிமிடம் விளக்கினான். யோகன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். கேட்டுவிட்டுப் பள்ளத்தின் நடுவுக்குப் போனான். பல்வாரியைப் போட்டான். சுற்றிச் சுற்றி, பின்பக்கமாகவே நடந்து, தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு விளிம்புக்கு வந்து புல்லில் ஏறினான். மணலில் ஒரு கோடு பிசகவில்லை. ஒருத்தனும் வந்து போனதாகவே தெரியவில்லை.

மேற்பார்வைக்காரன் வாயைப் பிளந்தான். "இதற்கு முன்னால் எங்கேயாவது செய்திருக்கிறாயா?"

"நோ சார்" என்றான் யோகன். "இதுதான் முதல் தரம்."

செம்பட்டைத் தலையன் என் பக்கம் திரும்பினான். "உன் நண்பன் சட்டென்று கற்றுக்கொள்கிறானே!"

"யெஸ் சார்" என்றேன்.